கொம்பன் வயிற்றில் குடியிருந்தவர்கள்

பாசிக்குளத்துக் கரையில் கொம்பன் என்றொரு எருமைக்கடா இருந்தது. அது எதையும் மறக்காது. மூன்று கோடைக்கு முன் எதிர்க்கரையில் இருக்கும் சுட்டி என்ற கிழட்டு எருமை, கொம்பனின் சேற்றுக்குழியில் ஒருநாள் படுத்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது.

கொம்பன் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருந்தன. தின்ற புல்லைக் கரைத்துச் சத்தாக்கித் தருவது அவற்றின் வேலை. வேலை நடக்கும்போது வயிறு களகளவென்று சத்தம் போடும்.

ஒரு மத்தியானம் கொம்பன் கண்ணயர்ந்தது. களகள!

"யாரடா அது?"

"நாங்கள்தான் ஐயா. காலையில் முழுக்கக் கோரையாய் அனுப்பிவிட்டீர்கள். அந்த நார்களை உடைக்கிறோம். நாளைக்காவது கொஞ்சம் இளம்புல் அனுப்புங்கள்."

"என் வயிற்றில் இருந்துகொண்டு எனக்கே உத்தரவா? உங்களை என்ன செய்கிறேன் பார்!"

கொம்பன் ஒரு கசப்பு மரத்தின் பட்டையை உரித்து உரித்துத் தின்றது. முதுகில் உட்கார்ந்திருந்த மைனா, "போதும் மாமா, உள்ளே இருப்பவர்கள் செத்துவிடுவார்கள்" என்றது. கொம்பன் கேட்கவில்லை. மூன்று நாள் தின்றது. நான்காம் நாள் வயிறு அடங்கியது.

"பார்த்தாயா, ஒழிந்தார்கள்" என்றது கொம்பன்.

ஆனால் அதற்குப் பிறகு தின்ற புல் தின்றபடியே கிடந்தது. அசைபோட வாய்க்கு எதுவும் வரவில்லை. வயிறு உப்பியது. கால்கள் மடங்கின.

மைனா சொன்னது: "புல்லைக் கரைக்க உள்ளே ஆள் இல்லை மாமா. நன்றாக அசைபோடுகிற எருமையின் வாயிலிருந்து ஓர் உருண்டை வாங்கித் தின்னுங்கள். அதில் அவர்கள் இருப்பார்கள். இல்லாவிட்டால் பிழைக்கமாட்டீர்கள்."

"யாரிடம் வாங்குவது?"

"இங்கே வேறு எருமை ஏது? சுட்டி அத்தைதான்."

"அவள் எச்சிலா? அதற்குச் செத்தே போகலாம்."

"சரி, சாவுங்கள். உட்கார வேறு முதுகு பார்த்துக்கொள்கிறேன்" என்றது மைனா. ஆனால் பறக்கவில்லை.

வெகுநேரம் கழித்துக் கொம்பன் தள்ளாடி எழுந்தது. குளத்தைச் சுற்றிப் போய்ச் சுட்டியின் முன் நின்றது.

"என்ன, வழி தவறிவிட்டதா?" என்றது சுட்டி.

"வயிறு சரியில்லை."

"தெரியும். உன் வயிற்றுச் சத்தம் இந்தக் கரைவரை கேட்கும். சில நாளாய்க் கேட்கவில்லை. எனக்கும் தூக்கமில்லை."

கொம்பன் தலையைத் தாழ்த்தியது. "ஓர் உருண்டை கொடு. ஆனால் அந்தக் குழி என்னுடையதுதான்."

"ஆமாம், பெரிய அரண்மனை. வாயைத் திற."

தான் அசைபோட்ட உருண்டையைச் சுட்டி அதன் வாயில் தள்ளியது. அன்றும் மறுநாளும் அப்படியே கொடுத்தது. மூன்றாம் நாள், களகள!

"வணக்கம் ஐயா. அந்த அம்மா வீட்டைவிட இது விசாலம். ஆனால் இவ்வளவு மரப்பட்டையை இங்கே யார் கொட்டியது?"

 கொம்பன் தேடித் தேடி இளம்புல்லாய் மேய்ந்தது. பிறகு தன் சேற்றுக்குழிக்கு வந்து ஓர் ஓரமாய் ஒடுங்கிப் படுத்தது.

"ஏன் மாமா இப்படிச் சுருண்டு படுக்கிறீர்கள்?"

"சும்மா இரு. அவள் வெயிலில் நிற்கிறாள். வரச் சொல்."

வயிற்றுக்குள் தனக்காக உழைக்கும் சின்ன உயிர்களைச் சத்தம் போடுகிறார்கள் என்று துரத்துகிறவன், கடைசியில் தான் முகம் கொடுத்துப் பேசாதவரின் முன்னால் வாய் திறந்து நிற்க வேண்டியிருக்கும்.