படத்துக்குக் கொடுத்த மாத்திரை

ஓலையூத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் வெயிலுமுத்து, அடுத்தவன் குருவய்யா, கடைக்குட்டி மாசானம். மூவருக்கும் சேர்த்து ஓர் எழுத்துகூடத் தெரியாது. பாசத்துக்கு மட்டும் குறைவில்லை.

மாசானத்துக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. அண்ணன்மார் சுகாதார நிலையத்துக்கு ஓடினார்கள். நர்ஸம்மா மாத்திரையைத் தந்து, எந்த வேளைக்கு எப்படிக் கொடுப்பது என்று பொறுமையாய்ச் சொன்னாள். "போற வழியில மறந்துராதீங்க," என்றும் சொன்னாள்.

கேட்டது வெளியே சிந்திவிடுமே என்று இருவரும் வாயை இறுக மூடிக்கொண்டு வீடு வந்தார்கள்.

"அண்ணே, என்ன சொன்னாவ?" என்றான் மாசானம். இருவரும் கண்ணை உருட்டினார்கள். அவன் அழவே, மனசு கேட்காமல் வெயிலுமுத்து எல்லாவற்றையும் தம்பி காதில் சொல்லிவிட்டான்.

"இனி எங்கிட்ட ஒண்ணுமில்ல. நீதாம்ல பத்திரமா வச்சுக்கிடணும்."

மாசானம் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். மாத்திரை உள்ளே போக வழியில்லாமல் போயிற்று.

சாயங்காலம் பார்க்க வந்த நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாசானத்தின் மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் மாத்திரையைப் போட்டாள்.

"போச்சே, எல்லாம் சிந்திட்டே!" என்று குருவய்யா அலறினான்.

எழுதிக் கொடுத்தாலும் பயனில்லை என்று அவள் ஒரு தாளில் படம் வரைந்தாள். மேலே சூரியன், கீழே வாயைத் திறந்த ஓர் ஆள், பக்கத்தில் மாத்திரை. "விடிஞ்சதும் இதுல உள்ளபடி செய்யுங்க."

விடிந்தது. படத்தைச் சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டிவிட்டு யோசித்தார்கள்.

"மாத்திரை யாருக்குண்ணே?" என்றான் குருவய்யா.

"வாயைத் தொறந்துட்டு நிக்கானே, அவனுக்குத்தாம்ல."

மாத்திரையையும் பருக்கை வைத்துப் படத்தின் வாயில் ஒட்டினார்கள். பாயில் கிடந்த மாசானத்துக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. காய்ச்சல் தனக்கல்லவா?

சற்றுப் பொறுத்து வெயிலுமுத்து படத்தின் நெற்றியைத் தொட்டான். சில்லென்று இருந்தது. "காய்ச்சல் விட்டுட்டுடே!" தம்பியின் நெற்றியைத் தொட்டான். சுட்டது.

"அவனுக்கு மட்டும் எப்படிண்ணே கேட்டுச்சு?" என்றான் மாசானம் ஏக்கத்தோடு.

வெயிலுமுத்து நெடுநேரம் தாடியைத் தடவினான். "அவன் சுவத்துல இருக்கான். நீ பாயில கெடக்க."

நர்ஸம்மா மறுபடி வந்தபோது மாசானம் முதுகு நிறையச் சோற்றை அப்பிக்கொண்டு, படத்துக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றான். அண்ணன்மார் ஆளுக்கொரு தோளை அழுத்திப் பிடித்திருந்தார்கள். அவள் பதறிப்போய் மாத்திரையை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றான் மாசானம். "இன்னும் ஒட்டல."