முதல் தப்பு யாருடையது?

நோயாளிக்கு ஏறும் குளுக்கோஸ் தீருமுன் மணி அடித்து நர்ஸை அழைக்கும் கருவி அது. மருத்துவப் பொறியியல் மாணவர்கள் குழுவாகச் செய்தது. மதிப்பெண் போட டாக்டர் சகாயமேரி வந்திருந்தார். துறைத்தலைவர் சிதம்பரநாதன் நீட்டிய அறிக்கையில் ஒரே பெயர்தான் இருந்தது. தாளாளரின் மகன் விஷால். போட்டோ எடுக்கும்போது மட்டும் ஆய்வகத்துக்கு வந்தவன்.

"செந்தூரன், மும்தாஜ், நான், எங்க மூணு பேர் பேரும் இல்லையே சார். பேர் இல்லன்னா நாங்க ஃபெயில்," என்றாள் தில்லைநாயகி. வகுப்பில் வாயே திறக்காதவள்.

"ஸ்குரூ முடுக்கினவங்க பேரையெல்லாம் போட முடியுமாம்மா? நீதான் செஞ்சேன்னா, விஷாலை ஒரே ஒரு கேள்வி கேட்டு நிரூபி, பாப்போம்!" என்று சிரித்தார் துறைத்தலைவர்.

அவள் விஷாலிடம் திரும்பினாள். "இதைச் செய்யும்போது முதல்ல நடந்த தப்பு என்ன?"

விஷால் துறைத்தலைவரைப் பார்த்தான். துறைத்தலைவர் முந்திக்கொண்டார். "என் மேற்பார்வையில தப்பா? ஒண்ணுகூட நடக்கல!"

"ஆமா, முதல் தடவையே வேலை செஞ்சுது," என்றான் விஷால்.

"நீ சொல்லும்மா," என்றார் டாக்டர்.

"தப்பு என்னோடது டாக்டர். சொட்டு எண்ணுற சென்சாரை வெளிச்சம் படாம மறைக்காம விட்டுட்டேன். ஃபேன் நிழலையும் சொட்டுன்னு எண்ணிடுச்சு. செந்தூரன்தான் கண்டுபிடிச்சான். மும்தாஜ் கறுப்புத் துணியில உறை தைச்சா. நாலாவது உறைதான் சரியா உட்கார்ந்துச்சு."

டாக்டர் உறையைக் கழற்றி, ஃபேனைப் போடச் சொன்னார். ஒரு சொட்டும் விழவில்லை. கருவியில் எண் மட்டும் விறுவிறுவென்று ஏறியது.

டாக்டர் அறிக்கையைத் திருப்பித் தள்ளினார். "தப்பே செய்யாதவர் பேரை அடிச்சிட்டு, தப்பு செஞ்சு திருத்தினவங்க பேரை எழுதுங்க சார். இப்பவே, என் முன்னாடியே."