யானை தாண்டாத கடைத்தெரு

கோமளபுரத்தில் ஒரு பழைய கடைத்தெரு இருந்தது. பேர்தான் கடைத்தெரு, நாற்பது கடைக்கும் பூட்டு. ஆற்றங்கரையில் புதுச்சந்தை வந்ததும் வியாபாரிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். கடைகளின் பின்கட்டில் குடியிருந்த பன்னிரண்டு குடும்பங்கள்தான் மிச்சம்.

ராஜா செண்டலங்காரரிடம் விருப்பாட்சி என்று ஒரு தளவாய். யானை என்றால் அவருக்கு உயிர்.

"மகாராஜா, நடுப்பகலில் அந்தத் தெருவில் பட்டத்து யானையை ஓடவிட்டாலும் காலில் ஒரு ஆள் இடறமாட்டான். இடித்துத் தள்ளிவிட்டு யானைக்கொட்டாரம் கட்டிவிடலாம்" என்றார்.

ராஜாவுக்கு யோசனை சொல்கிற சாத்தப்பன் பக்கத்தில் நின்றான். "ஆள் வரவில்லை என்பது தெருவின் குற்றமில்லை மகாராஜா. வந்தால் வாயில் போட அங்கே என்ன இருக்கிறது? ஒரு மாதம் கொடுங்கள், கூட்டத்தைக் காட்டுகிறேன்."

ராஜாவுக்கு இந்த மாதிரிப் பந்தயம் என்றால் கொள்ளைப் பிரியம். "ஒரு மாதம் கழித்து, உச்சிவேளையில் யானை கிழக்கு வாசலில் நுழையும். நான் மேற்கு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவேன். மென்று முடிப்பதற்குள் யானை என்னிடம் வந்து சேர்ந்தால் கொட்டாரம். வந்து சேராவிட்டால் தெரு பிழைத்தது" என்றார்.

சாத்தப்பன் நேரே தெருவுக்குப் போனான். முதல் வீட்டில் உலகம்மாள் இருந்தாள்.

"உலகம்மா, உனக்கு என்ன சமைக்க வரும்?"

"பணியாரம் வரும் அண்ணாச்சி. மற்றதை எல்லாம் எங்க வீட்டுக்காரர் பசிக்குச் சாப்பிடுவார், ருசிக்குச் சாப்பிடமாட்டார்."

"அது போதும் தாயி."

அடுத்து ஆற்றங்கரைக்குப் போய்ப் பழைய கடைக்காரர்களைப் பார்த்தான். "கடையைப் பூட்டி வைத்தால் கரையான் தின்னும். திறந்துவிட்டால் ஊர் தின்னும். எது சம்மதம்?" என்று கேட்டான். நாற்பது சாவியும் வந்து சேர்ந்தது.

சாத்தப்பன் ஒரே ஒரு சட்டம் போட்டான். ஒரு கடைக்கு ஒரு பண்டம். பணியாரம் உலகம்மாளிடம், அதற்குச் சட்னி எதிர்க்கடை சங்கரவடிவிடம். இலை கிழக்குக் கோடியில், பானகம் மேற்குக் கோடியில்.

உலகம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன், சட்னி அரைக்க எனக்குக் கை இல்லையா?"

"நீ அரைத்தால் வருகிறவன் உன் கடையோடு போய்விடுவான். சங்கரவடிவு அரைத்தால் தெருவைக் கடப்பான். தாகம் எடுத்தால் கோடி வரைக்கும் நடப்பான்."

அப்படித்தான் நடந்தது. முதல் நாள் பத்துப் பேர். பத்து நாளில் ஊரே இலையும் கையுமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடியது. மோதிக்கொண்டவர்கள் இலையில் பணியாரம் இடம் மாறிப்போக, சண்டை போட வேண்டியவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்து எண்ணெய்ச் செட்டியார் திரும்பி வந்தார். சட்டிபானைக்காரரும் வளையல்காரரும் பின்னாலேயே வந்தார்கள்.

தளவாய்க்கு வயிறு எரிந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் பறையறைந்துவிட்டார். "நாளை உச்சிவேளையில் யானை வருகிறது. உயிருக்கு ஆபத்து. தெருவில் ஒருத்தரும் நடமாடக்கூடாது. மீறினால் சிறை."

விடிந்ததும் உலகம்மாள் தெருமுனைப் பிள்ளையார் முன்னால் போய் நின்றாள். "அப்பனே, உனக்கும் யானை முகம்தானே. உன் உறவுக்காரனை விட்டே என் வீட்டை இடிக்கலாமா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்?"

பின்னால் சாத்தப்பன் நின்றிருந்தான். "அவரைக் கோபிக்காதே தாயி. உறவுக்காரர் வரட்டும், விருந்து வைப்போம். இன்றைக்குக் காரத்துக்கும் புளிப்புக்கும் ஓய்வு. எல்லா அடுப்பிலும் வெல்லம் ஏறட்டும்."

உச்சிவேளை வந்தது. தெருவில் ஈ, காக்கை இல்லை. கடைகளின் பலகைக் கதவுகள் சாத்தியிருந்தன. வாசலுக்கு வாசல் ஒரு முறம், முறம் நிறையப் பலகாரம். மேற்கு வாசலில் ராஜா வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். கிழக்கு வாசலில் யானை நுழைந்தது.

நாலு எட்டு வைத்தது. நின்றது. உலகம்மாளின் வெல்லப் பணியாரம். முறம் காலியானது. தும்பிக்கை எதிர்ப்பக்கம் திரும்பியது. அங்கே பூரணக் கொழுக்கட்டை. அதை முடித்துக்கொண்டு குறுக்கே கடந்தது. அங்கே போளி. பாகன் கெஞ்சினான், கொஞ்சினான், "என் ராசா, என் மானத்தை வாங்காதே" என்று காதோடு சொன்னான். யானை நாலாவது கடை வரைக்கும் போய், என்ன நினைத்ததோ, பணியாரத்துக்கே திரும்பி வந்தது.

ராஜாவின் முதல் வெற்றிலை தீர்ந்தது. இரண்டாவதும் தீர்ந்தது. மூன்றாவதில் சுண்ணாம்பு கூடி நாக்கு வெந்ததுதான் மிச்சம். எழுந்து தெருவுக்குள் நடந்தே வந்துவிட்டார்.

தளவாய் குறுக்கே விழுந்தார். "மகாராஜா, இது மோசடி. கூட்டம் காட்டுவதாகச் சொன்னவன் எங்கே காட்டினான்? ஒரு ஆளாவது கண்ணில் படுகிறானா?"

"நடமாடக்கூடாது என்று தளவாய்தான் பறையறைந்தார்" என்றான் சாத்தப்பன். "ஜனங்கள் அடக்கமானவர்கள் மகாராஜா. ஒருத்தரும் நடமாடவில்லை. உட்கார்ந்திருக்கிறார்கள்."

கையைத் தட்டினான். நாற்பது கடையின் பலகைகளும் திறந்தன. ஒவ்வொரு கடைக்குள்ளும் தோளோடு தோள் இடிக்க ஜனம். ராஜாவைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள். வாழ்க என்று சொல்லத்தான் ஆள் இல்லை, எல்லார் வாயிலும் போளி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தெரு பிழைத்தது" என்றார். பன்னிரண்டு வீட்டுக்கும் அங்கேயே பட்டயம் எழுதிக் கொடுத்தார். சாத்தப்பனுக்குத் தன் தோள் சால்வையைப் போர்த்தினார். தளவாயைப் பார்த்து, "நீர் அனுப்பிய யானை. நீரே பொழுது சாய்வதற்குள் அரண்மனைக்குக் கொண்டுவந்து சேரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்தது. யானை அசைந்து அசைந்து அரண்மனைக்கு வந்தது. கூடப் பாகன் மட்டும்தான் வந்தான்.

"தளவாய் எங்கே?" என்றார் ராஜா.

பாகன் தலையைச் சொறிந்தான். "கரும்பைக் காட்டி யானையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன் மகாராஜா. தளவாயை எதைக் காட்டி ஓட்டுவது என்றுதான் தெரியவில்லை. மூன்றாவது தடவையாகப் பணியாரத்துக்கு வரிசையில் நிற்கிறார்."