நாற்பத்தெட்டாம் நாள் ரோஜா

அறிவாளிகளுக்கு மட்டும் புதிர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரிந்த யாரும் இதை அவிழ்த்துவிடலாம். விடைக்கான சாவியை வழியிலேயே போட்டுவிட்டுப் போகிறேன். காலில் இடறியும் எடுக்காவிட்டால் என்னைத் திட்டக் கூடாது.

பாளையங்கோட்டையில் உலகம்மாள் என்று ஒருத்தி. பரம்பரைச் சைவம். முட்டையைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டாள், 'அது' என்பாள். கணவர் பிரமநாயகம் ஓய்வு பெற்ற குமாஸ்தா. கண்ணெதிரே நடப்பதைப் பார்க்காததுபோல் இருப்பதில் முப்பது வருஷ அனுபவசாலி. மாடியில் குடியிருந்தவள் ரெஜினா, தூத்துக்குடிக்காரி, தையல் தைப்பவள். சனிக்கிழமையானால் அவள் வீட்டில் மீன். மாடியில் எது வெந்தாலும் மணம் படி இறங்கக் கூடாது என்பது ஒப்பந்தம். ரெஜினா ஜன்னலை அடைத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கச் சமைப்பாள்.

உலகம்மாளின் மகள் மங்கைக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கி, பிரசவத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. உலகம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பூஜை அறையில் முருகன் படத்தின் முன் நின்று கையேந்தினாள்.

"முருகா, எங் கையால தண்ணி ஊத்தி வளத்த ரோசாவ நாளுக்கு ஒண்ணா நாப்பத்தெட்டு நாளு ஒனக்குச் சாத்துதேன். பிள்ளைய நல்லபடியா எங் கையில குடு."

வாசலோரம் அவளுக்கு நான்கு பன்னீர் ரோஜாச் செடிகள் இருந்தன. நேர்ச்சையில் ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு நாள் இல்லை.

முதல் பதினைந்து நாள் குறைவில்லை. பிறகு இலை வெளுத்தது, புதுத் துளிர் நின்றது. எண்ணிப் பார்த்தாள். பாக்கி நாள் முப்பதுக்கு மேல், பதினெட்டே மொட்டு. அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், வெங்காயத் தோல் என்று ஒன்று பாக்கியில்லாமல் போட்டாள். நர்சரிக்காரர் கொடுத்த வெள்ளைத் தூளையும் வேரைச் சுற்றித் தூவினாள்.

"இது என்னதுப்பா?" என்று கேட்டதற்கு, "சத்தும்மா" என்றார் அவர். சத்து என்றால் சைவம்தானே என்று இவளும் விட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் செடி முன்னால் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வராந்தாவிலிருந்து பிரமநாயகம் பார்த்தார், மாடியிலிருந்து ரெஜினா பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் உலகம்மாள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம். ரெஜினா ஒரு வாளியோடு படியிறங்கி வந்து நான்கு செடிக்கும் ஊற்றினாள். வராந்தா நாற்காலியில் இருந்த பிரமநாயகத்தின் மூக்குக்கு அது மீன் கழுவிய தண்ணீர் என்று உடனே தெரிந்தது. அது எப்படி அவருக்கு உடனே தெரிந்தது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். அதன் பிறகு செடிக்காகவே ரெஜினா தினமும் மீன் வாங்கினாள், தினமும் மத்தியானம் அந்தத் தாள் உயர்ந்தது.

செடிகள் வெறிபிடித்ததுபோலத் தழைத்தன. கொத்துக் கொத்தாய் மொட்டு. தெருப் பூனைகள் மூன்று வந்து செடியடியிலேயே குடியேறிவிட்டன.

"வாயில்லா ஜீவனுக்குக்கூட முருகன் பூவோட வாசம் தெரியுது பாத்தியளா!" என்று உலகம்மாள் தெருவெல்லாம் சொல்லி உருகினாள். பிரமநாயகம், "ஆமாமா" என்றார்.

நாற்பத்தேழாம் நாள் ஒரு பூனை வேரடியைத் தோண்டி, எதையோ கவ்விக்கொண்டு உலகம்மாளின் காலுக்கு நடுவே ஓடியது. சாளை மீன் தலை. ரெஜினா அக்கறை கூடிப்போய்த் தலைகளையும் புதைக்கத் தொடங்கியிருந்தாள்.

"அடப் பாவி மக்களா! ஒரு மாசமா முருகனுக்கு மீன் கொழம்புல்லா வச்சிருக்கேன்!"

சத்தம் கேட்டு ரெஜினா இறங்கி வந்தாள். "எங்க ஊர்ல ரோசாவுக்கு இதாங்க்கா மருந்து. கேட்டா வேண்டாம்பீங்க. நீங்க அழுதத பாத்துட்டு எனக்கு மிசின் ஓடல."

"ஒங்களுக்கு இது தெரியுமா?" என்று உலகம்மாள் கணவர் பக்கம் திரும்பினாள். செய்தித்தாள் உயர்ந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று முப்பது வருஷத்தில் அவள் படித்து வைத்திருந்தாள்.

அன்று இரவே, புகுந்த வீட்டில் இருந்த மங்கைக்கு வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகப் போன் வந்தது. விடிந்தால் நாற்பத்தெட்டாம் நாள். கடைப் பூ நேர்ச்சைக்கு ஆகாது. செடி நிறையப் பூ, அத்தனையும் மீன் தின்ற பூ. பூவைத் தொடப்போன கையை உலகம்மாள் இழுத்துக்கொண்டாள்.

கேட்காமல் ஊற்றியவள் ஒருத்தி, பார்த்தும் வாய் திறக்காதவர் ஒருவர், தெரியாமல் சாத்தியவள் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி? நாற்பத்தெட்டாம் பூவை முருகனுக்குச் சாத்தலாமா, கூடாதா? சாத்தலாம் என்றால் எப்படி?

விடை: மீனைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர்கள் தோற்றீர்கள். மண்ணுக்குள் போனதெல்லாம் மண்தான். நர்சரிக்காரரின் வெள்ளைத் தூள் எலும்புத் தூள், அதைத் தூவியவள் உலகம்மாளேதான். முருகனிடம் அவள் சைவ உரம் என்று வாக்குக் கொடுக்கவில்லை. 'எங் கையால தண்ணி ஊத்தி' என்றுதான் கொடுத்தாள். குறை அங்கேதான் இருக்கிறது, இன்னொரு கையும் ஊற்றிவிட்டது. இது அவளுக்கே அந்த விடியலில் பிடிபட்டது. விறுவிறுவென்று மாடியேறி ரெஜினாவின் மணிக்கட்டைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தாள். பூவைப் பறிக்கச் சொல்லி, அந்தக் கையைப் பிடித்தபடியே படத்துக்குச் சாத்தினாள். "முருகா, எங் கையின்னு சொன்னேன். இதுவும் எங் கைதான்" என்றாள். ரெஜினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒன்பது மணிக்கு மங்கைக்குப் பெண் பிறந்தது, தாயும் சேயும் நலம். ஆகவே கேட்காமல் செய்தது அரைத் தப்பானாலும் ரெஜினா செய்ததே சரி. முழுத் தப்பு பிரமநாயகத்தினுடையது. அழுகையையும் பார்த்து, வாளியையும் பார்த்து, இரண்டுக்கும் கை கொடுக்காதவர் அவர். இப்போது சனிக்கிழமைதோறும் செடிக்கு மீன் தலை வாங்கி வருவது அவர் பொறுப்பு. போகும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் போகிறார். மீன் கடைக்குள் நுழைந்ததும் துண்டை அவிழ்த்துவிடுகிறார் என்கிறாள் ரெஜினா.