இரண்டு விரல் ஆட்டம்

உலகம்மாள் மடத்து டிராக்டரின் ஸ்டீயரிங்கைக் காலையில் திருப்பினால் வண்டி மத்தியானம் திரும்பும். ஒருமுறை மேற்கே சந்தைக்குக் கிளம்பிய வண்டி, கிழக்கே முன்பின் தெரியாத ஒரு கல்யாண வீட்டு வாசலில் போய் நின்றது. ஓட்டிப் போனவர் என்ன செய்வார் பாவம், பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் பொறுமையாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார். இது பொய் என்றால் அந்தப் பாயசத்தின் மேல் ஆணை.

மடத்தின் தலைவி உலகம்மாளுக்கு வயது நாற்பத்தைந்து. மடத்துக்கு வருவதற்கு முன்பு டிராக்டர் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் ஹவில்தார் பெத்துராஜ். ராணுவத்தில் ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. வரிசையாகப் போகிற எறும்பு அவரைக் கண்டால் இன்னும் கொஞ்சம் நேராகப் போகும்.

அன்று காலையில் பெத்துராஜ் சட்டைப் பையில் ஒரு காகிதத்தோடு வந்தார்.

“அம்மா, என் மகன் வரதராஜ் போன் பண்ணினான். கோவிச்சுட்டுப் போனவன், எட்டு மாசத்துக்கு அப்புறம்.”

“நல்ல விஷயம், அண்ணாச்சி. என்ன சொன்னாரு?”

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலாமான்னு கேக்கான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சாயங்காலம் பதில் சொல்லுதேன்னு வச்சுட்டேன்.” காகிதத்தை விரித்தார். “பதினாலு நிபந்தனை எழுதியிருக்கேன். முதல்ல தாடியை எடுக்கணும். ரெண்டாவது, அந்த போட்டோ ஸ்டுடியோவை மூடிட்டு, பாதியில விட்ட போலீஸ் பரீட்சையைத் திரும்ப எழுதணும். மூணாவது, ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குள்ள இருக்கணும்...”

“அவருக்கு என்ன வயசு?”

“முப்பத்தொண்ணு.”

உலகம்மாள் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

“ஒத்தை மகன், அம்மா. இந்தத் தடவை விட்டா இனிமே வரமாட்டான். அதுதான் கேக்க வந்தேன். பதினாலு போதுமா? இன்னும் ரெண்டு சேத்து இறுக்கணுமா?”

“அதைச் சாயங்காலம் பாப்போம். மூணு ஏக்கர்லயும் இன்னைக்கு உளுந்து விழுந்தாகணும். நாளைக்கு ஈரம் போயிரும். வண்டி ஸ்டீயரிங் ஆடுது. சரி பண்ணுங்க.”

பெத்துராஜுக்கு வண்டி வேலை தெரியும். ஸ்டீயரிங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கால் சுற்று சும்மா ஆடியது; சக்கரம் அசையவில்லை. ஸ்டீயரிங் பெட்டியின் மேலே ஒரு திருகாணி இருந்தது. ஸ்பேனரை எடுத்து இறுக்கினார். ஆட்டிப் பார்த்தார். இன்னும் இறுக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் இறுக்கினார்.

“இப்ப பாருங்க அம்மா. ஒரு நூல் ஆட்டம் இல்ல.”

“போதுமா?” என்றார் உலகம்மாள்.

“போதும்.”

“முதல் கியர்லயே போங்க.”

கலப்பையை இறக்கிப் புறப்பட்டார். விதை தூவ வந்திருந்த பெண்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அந்த உழவுச் சால் அவ்வளவு நேர். பக்கத்தில் நூல் பிடித்திருந்தால் நூலுக்குத்தான் வெட்கம். பெத்துராஜ் முதுகை நிமிர்த்தி, முகவாயைத் தூக்கி, குடியரசு தினத்தில் போவது போலப் போனார்.

வரப்பு வந்தது. திருப்பினார். ஸ்டீயரிங் கொஞ்ச தூரம் வந்து, அப்படியே பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. வண்டி வரப்பேறி, வேலிக்கருவேல முள்ளுக்குள் போய் மூக்கை நுழைத்து நின்றது. பயத்தில் ஐம்பது கௌதாரிகள் பறந்தன. சில பேர் நூறு என்பார்கள்.

“அண்ணாச்சி, முள்ளுக்குள்ளயும் உளுந்து போடணுமா?” என்று கத்தினாள் வெள்ளத்தாய். பெண்கள் சிரித்தார்கள்.

பெத்துராஜ் சட்டையில் பாதியை முள்ளுக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். எல்லோருமாகக் கயிறு போட்டு வண்டியை இழுத்தார்கள்.

“இப்படி ஆகும்னு தெரியும்ல?” என்றார் பெத்துராஜ் உலகம்மாளிடம், கையிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“போதுமான்னு கேட்டேனே.”

உலகம்மாள் ஸ்டீயரிங் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினார். “கையை விட்டுப் பாருங்க. உள்ள பல்சக்கரத்துல பல்லு எங்க தேஞ்சிருக்கு?”

பெத்துராஜ் கிரீஸுக்குள் விரலை விட்டுத் தடவினார். “நடுவுல. ரெண்டு ஓரத்துலயும் புதுசு மாதிரி இருக்கு.”

“ஏன் நடுவுல மட்டும்?”

பெத்துராஜ் யோசித்தார். “வண்டி நேரா போறப்போ நடுப்பல்லுதான் வேலை செய்யும்.”

“அம்பது வருசமா நேரா போயிருக்கு. நேரா போயே தேஞ்சிருக்கு. அந்தத் தேஞ்ச இடத்தை வச்சு அளந்து இறுக்கினா, தேயாத பல்லு என்ன செய்யும்?”

பெத்துராஜ் முள்வேலியைப் பார்த்தார். “திருப்புறப்போ இறுகிப் பிடிச்சுக்கிடும்” என்றார்.

உலகம்மாள் திருகாணியைத் தளர்த்தினார். ஸ்டீயரிங் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தடையில்லாமல் போகும் வரைக்கும் தளர்த்தினார். பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“இப்ப நீங்க கீழ படுங்க. நான் ஆட்டுதேன். ஒவ்வொரு இணைப்புலயும் விரலை வச்சுட்டு வாங்க. எங்க நான் ஆட்டுறது அடுத்த பக்கம் போய்ச் சேரலையோ, அங்க சொல்லுங்க.”

ராணுவத்தில் படுத்த பிறகு பெத்துராஜ் மண்ணில் படுப்பது இப்போதுதான். மல்லாந்து படுத்துக்கொண்டு இணைப்பு இணைப்பாக விரலை வைத்தார்.

“இங்க சேருது... இங்கயும் சேருது... இங்க இல்ல, அம்மா.”

“என்னது அது?”

“குமிழ் மூட்டு, சக்கரத்தைத் திருப்புற கம்பி சேருற இடம். கிரீஸ் பொடி மாதிரி காஞ்சு கிடக்கு. இந்தப் பக்கமும் அப்படித்தான்.”

“வண்டி பாக்குற பொறுப்பு யாருது?”

“என்னுது.”

“கடைசியா எப்ப கிரீஸ் அடிச்சீங்க?”

கீழே பெத்துராஜ் மாசங்களை விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் டிராக்டரே பதில் சொல்லிவிடுமோ என்று இருந்தது.

“எட்டு மாசம் இருக்கும்” என்றார் பெத்துராஜ்.

பழைய தகர டப்பாவில் இரண்டு மூட்டுகள் கிடந்தன. மாட்டினார்கள். பெத்துராஜ் கிரீஸ் துப்பாக்கியை எடுத்து எல்லா இணைப்புக்கும், பழைய அழுக்கு வெளியே வழியும் வரைக்கும் அடித்தார். எழுந்து ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்தார்.

“இன்னும் ரெண்டு விரல் ஆட்டம் இருக்கே, அம்மா.”

“இருக்கட்டும்.”

“சால் நேரா விழாதே.”

“உளுந்துக்கு அது தெரியவா போகுது?”

பெத்துராஜ் ஏறினார். இந்தத் தடவை நிமிர்ந்து உட்கார முடியவில்லை. வண்டி கொஞ்சம் அந்தப் பக்கம் போகும். கை அதைத் தொட்டுக் கூட்டி வர வேண்டும். கொஞ்சம் இந்தப் பக்கம் போகும். மறுபடி தொட வேண்டும். வரப்பு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினார். வாழை இலையைத் திருப்புவது போலத் திரும்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் மூன்று ஏக்கரிலும் உளுந்து விழுந்துவிட்டது. சால்கள் லேசாக நெளிந்து கிடந்தன. ஒரு பாம்பு அதைப் பார்த்துத் தன் தங்கச்சி என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்ததாக வெள்ளத்தாய் சத்தியம் செய்தாள்.

உலகம்மாள் நின்ற வேப்பமரத்தடியில் பெத்துராஜ் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பதினாலு நிபந்தனையும் கிரீஸ் பட்டு மங்கலாகியிருந்தன. ஆனாலும் வாசிக்க முடிந்தது. வாசித்தார். மறுபடி மடித்துப் பையிலேயே வைத்தார். போனை எடுத்தார்.

“வரதா... அப்பா பேசுதேன்.”

“சொல்லுங்கப்பா.”

“வா.”

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, “அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டது குரல்.

பெத்துராஜின் வாய் திறந்தது. கை தானாகப் பையைத் தொட்டது. போனைப் பொத்திக்கொண்டு உலகம்மாளைப் பார்த்தார்.

“அம்மா, வேற ஒண்ணும் இல்லையான்னு கேக்கான். என்ன சொல்ல?”

உலகம்மாள் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பஸ் எத்தனை மணிக்கு வருதுன்னு கேளுங்க, அண்ணாச்சி.”