வீட்டை வேண்டாமென்றவர்

பூளைக்காட்டுச் சிவன் கோயிலின் முன்மண்டபத்தில் வவ்வால்கள் ஏராளம். அவை போடும் எச்சத்தைக் கூட்டி அள்ளிக் கழுவிவிடுவதே அம்பலத்தாரின் திருத்தொண்டு. விடியுமுன் துடைப்பமும் கையுமாக நுழைவார். கூட்டி முடித்து முதுகை நிமிர்த்துவதற்குள் கூட்டிய இடத்திலேயே மறுபடியும் விழும். முகம் சுளிக்க மாட்டார். "பூளைவனநாதா!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பக் குனிவார். ஊரார் அவருக்கு வைத்த பெயர் வவ்வால் சாமி. கேலிக்குத்தான் வைத்தார்கள். அவரோ, தமக்குப்போய் சாமி என்ற சொல் ஒட்டிக்கொண்டதே என்று கூசிப்போவார்.

கல்யாணம் காட்சி காணாத ஒண்டிக்கட்டை அவர். சாப்பாடு கோயில் உண்டைக்கட்டி, படுக்கை அதே மண்டபம். உறவென்று இருந்தவள் தங்கை தையல்நாயகி ஒருத்திதான். அவள் கணவர் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்தவர். அந்தத் தொண்டுக்காகக் கோயில் விட்டிருந்த ஓட்டு வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். கணவர் காய்ச்சலில் கிடந்து போய்ச்சேர்ந்தார். கருமாதி முடிந்த கையோடு தர்மகர்த்தா கைலாசம் பிள்ளை வாசலில் வந்து நின்றார்.

"பூக்கட்டுறவருக்குன்னு விட்ட வீடும்மா இது. புது ஆளு வரப்போறாரு. காலி பண்ணிக் குடுத்துடு."

"நானே கட்டுறேனுங்களே. இத்தனை நாளும் நானும் சேந்துதானே கட்டினேன்?"

"தாலி அறுத்தவ கட்டின பூவைச் சாமிக்குச் சாத்துறதா? ஊரு சிரிக்கும். சாமி சொத்தும்மா, நான் என்ன பண்ண முடியும்?"

சட்டி பானையை அம்பலத்தார் தலையில் தூக்கிக்கொண்டார். வாசலைத் தாண்டிய தையல்நாயகி திரும்பி நின்று, நிலைப்படியைத் தொட்டு, "போயிட்டு வர்றேன்" என்றாள். வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய வாய், பாவம், அதற்கு வேறென்ன தெரியும்! தர்மகர்த்தா சாவியை மடியில் செருகிக்கொண்டு, "இனிமே எங்கேம்மா வர்றது?" என்றார். தேர் நிற்கும் கொட்டகையின் ஓரத்தில் கீற்றை வைத்து மறைத்து அம்பலத்தார் தங்கையை இருத்தினார்.

கடைத்தெருவில் அவரைக் கண்டால் விடுவார்களா? "என்ன வவ்வால் சாமி, நீ தினம் கூட்டுற சாமியே உன் தங்கச்சியையும் சேத்துக் கூட்டித் தள்ளிடுச்சு போலிருக்கே!" என்று ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"அவரு தள்ளலைங்க. அவரு பேரைச் சொல்லி மத்தவங்க தள்ளினாங்க," என்றார் அம்பலத்தார். சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்துவிட்டார். ஆனாலும் மறுநாள் விடியுமுன் துடைப்பத்தோடு போய் நின்றார்.

வருவதாகச் சொன்ன புது ஆள் வந்தபாடில்லை. வீடு பூட்டியே கிடந்தது. அதுதான் தையல்நாயகிக்கு இன்னும் ஆற்றாமை. விழித்ததும் அவள் கை தானாகத் தாழ்ப்பாளைத் தேடும். கீற்று மறைப்பில் தாழ்ப்பாள் ஏது? சாயங்காலமானால் அண்ணனைப் பார்த்து ஒரே கேள்விதான்.

"அண்ணே, அந்தப் பக்கம் போனியா?"

"போனேம்மா."

"முருங்கை பூத்திருக்கா?"

"பூத்துக் கொட்டிக் கிடக்குது."

"கூட்ட ஆளில்லையே! கெணத்துக் கயிறு வெயில்ல கெடந்து இத்துப் போயிருக்குமே அண்ணே..."

அம்பலத்தார் எழுந்துவிடுவார். சந்நிதியில் போய் நிற்பார். அவளுக்கு அந்த வீடு வேண்டும் என்ற ஏக்கம் நெஞ்சு முட்ட நிற்கும், வாய் மட்டும் திறக்காது. இறைவனிடம் இதுவரை எதையும் கேட்டறியாதவர் அவர். ஒருநாள் மண்டபத்து விட்டத்தை அண்ணாந்து பார்த்து, "இதுங்களுக்கெல்லாம் எடம் குடுத்திருக்கியே அப்பனே..." என்று தொடங்கினார். மேலே சொல்ல மாட்டாமல் அழுதுவிட்டார்.

அன்றைக்கு உச்சிக்காலப் பூசை முடிந்து நடை சாத்தியாயிற்று. உடம்பெல்லாம் நீறு பூசிய கிழவர் ஒருவர் மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார். அம்பலத்தார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்த கிழவர், "உம்ம தொண்டு போதும். உமக்கு வீடு தரலாம்னு வந்திருக்கேன்" என்றார்.

"வீடா!" அம்பலத்தாருக்குக் கைகால் ஓடவில்லை. "எனக்கு எதுக்குச் சாமி வீடு? நான் எங்கயும் படுத்துக்குவேன். என் தங்கச்சிக்குக் குடுத்துடுங்க, புண்ணியமாப் போவும்!"

"நான் சொல்ற வீடு உமக்கானது. அங்கே போனவங்க திரும்பி வர்றதில்லை."

"ஐயையோ! அவளை ஒத்தையில விட்டுட்டுத் திரும்பி வராத எடத்துக்கு நான் போறதாவது! ஆமா சாமி, அங்க முருங்கை மரம் உண்டுங்களா?"

"முருங்கை இல்லையே."

"அப்ப அவளுக்கும் அது சரிப்படாதுங்க. கோவிச்சுக்காதீங்க, அந்த வீடு எங்களுக்கு வேண்டாம்."

கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் கண்ணில் நீர் வழிந்தது. அம்பலத்தார் செம்பைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினார். மண்டபத்தில் யாருமில்லை. சாத்திய கதவு சாத்தியபடியே இருந்தது.

மறுநாள் காலையில் கைலாசம் பிள்ளை மேல்துண்டு நழுவியதுகூடத் தெரியாமல் ஓடிவந்தார். கூட்டிக்கொண்டிருந்தவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, சாவியை அவர் முன்னே வைத்தார்.

"ஐயா, மன்னிக்கணும். சாமி என் கனவுல வந்துது. 'அன்பருக்கு நாம் வீடு கொடுத்தோம், முருங்கை இல்லையென்று வேண்டாமென்றுவிட்டார். அவர் தங்கையை அவள் வீட்டிலேயே குடிவை. அவள் கட்டும் மாலையே நமக்கு வேண்டும். நம் வீடு அவருக்காகத் திறந்தே இருக்கும், சாவகாசமாக வரட்டும்'னு உத்தரவாச்சு. ஐயா, அது மோட்சமாச்சே! பெரிய பெரிய தவசிங்க கேட்டும் கெடைக்காத வீடாச்சே! அதையா வேண்டாம்னீங்க?"

அம்பலத்தார் துடைப்பத்தைக் கீழே போட்டார். வந்தவர் யாரென்பது அப்போதுதான் உறைத்தது. சந்நிதியை நோக்கிக் கைகூப்பினார்.

"மோட்சமா அது?" என்றார். "அடடா, தெரியாமப் போச்சே! தெரிஞ்சிருந்தா அதையும் அவளுக்கே கேட்டிருப்பேனே!"

தேடி வந்த பெரும்பேற்றின் முன்னும் தம்மை நினைக்கத் தெரியாத அந்தத் தொண்டரின் திருவடிகளை நாமும் தலைமேல் கொள்வோம்.