ஆமையக்காவிடம் கொடுத்த கல்

ஒரு காட்டுக்குளம். அதற்கு ராஜா கிடையாது. எதைச் செய்வதானாலும் எல்லாரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு கூழாங்கல். ஒரு காரியத்துக்குச் சம்மதம் என்றால் கரையோரக் குழியில் கல்லைப் போட வேண்டும். மொத்தம் நாற்பது கல். பாதிக்கு மேல் விழுந்தால் காரியம் நடக்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டத்துக்கு வர யாருக்கு நேரம் இருக்கிறது? தவளைக்குப் பாட்டு, மீனுக்கு விளையாட்டு. நமக்கும் சேர்த்து ஆமையக்காவே பார்த்துப் போடட்டும் என்று ஒவ்வொருவராகக் கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். ஆமையக்கா தங்கமானவள். கல் தொலைந்துவிடக் கூடாதே என்று குவியலின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஐப்பசி மழை கொட்டியது. குளம் ஏறியது. செவ்வந்தி என்கிற நீர்க்கோழி கோரைப்புல்லுக்குள் கூடு கட்டி ஏழு முட்டை இட்டிருந்தாள். தண்ணீர் கூட்டைத் தொட்டுவிட்டது. பாவம், பதறிப்போனாள். நண்டுகள் கரையில் ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும், தண்ணீர் வடிந்துவிடும். அவையும் தயார்தான். ஆனால் குழியில் கல் விழ வேண்டுமே!

செவ்வந்தி ஆமையக்காவிடம் ஓடினாள். ஆமையக்காவுக்கும் மனசு கேட்கவில்லை. இருந்தாலும் தண்ணீர் வடிந்தால் மீன்கள் வருத்தப்படுமோ, இத்தனை பேர் நம்பிக் கொடுத்த கல்லாயிற்றே, அவசரப்படக் கூடாது, நாளைக்கு வா என்றாள். மறுநாளும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்குள் இரண்டு முட்டையை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

செவ்வந்தி அழுதுகொண்டே வந்து நின்றாள்.

"அக்கா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. உங்க முட்டை மேட்டு மணல்ல பத்திரமா இருக்கு. என் முட்டை தண்ணியில போகுது. என் கல்லைக் குடுங்க, நானே போட்டுக்கறேன்."

கொடுத்த கல்லைத் திருப்பிக் கேட்கிற வழக்கமே நம் குளத்தில் இல்லையே என்று தவளை முனகியது.

"வழக்கம் இல்லேன்னா இன்னிக்கு உண்டாக்கிட்டாப் போச்சு. தள்ளுங்க, நான் எழுந்திரிக்கணும்" என்றாள் ஆமையக்கா.

பல மாதம் கழித்து அன்றுதான் எழுந்தாள். செவ்வந்தி தன் கல்லை எடுத்துப் போய்க் குழியில் போட்டாள். தவளைக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதுவும் தன் கல்லை எடுத்தது. மீன்கள் வாயில் கவ்வி வந்து துப்பின. இருபத்துமூன்று கல் விழுந்தது. அதில் ஒன்று ஆமையக்காவுடையது.

நண்டுகள் மடமடவென்று வெட்டின. தண்ணீர் வடிந்தது. ஐந்து முட்டை பிழைத்தது.

இப்போதும் பலருடைய கல் ஆமையக்காவிடம்தான் இருக்கிறது. ஆனால் அவள் அதன் மேல் உட்காருவதில்லை. வேண்டியவர் வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். செவ்வந்தி கூட, குஞ்சுகளுக்கு இரை தேடவே பொழுது சரியாக இருக்கிறது என்று, தன் கல்லை மறுபடியும் அவளிடமே கொடுத்து வைத்திருக்கிறாள்.

நம் வாக்கை நம்பிக்கையானவரிடம் ஒப்படைக்கலாம், ஆனால் வேண்டும்போது திரும்ப வாங்க வழி வைத்துக்கொண்டுதான் ஒப்படைக்க வேண்டும்.